எடைமேடைக்காரன் பார்த்த மூன்று படங்கள்

கொழிஞ்சாம்பாறையில்
கள்ளுத் தொழிலாளர் சங்கத்து மாடியில்
மூன்று நாள் இத்தாலியக் கொலைப் படங்கள்.
நுழைவு இலவசம், கட்டஞ்சாயா ஐந்து ரூபாய்.
மின்வாரிய ஓவர்சியர் ஹரிலால்தான் ஃபிலிம் சொசைட்டி.
பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய வெள்ளைத் துணிதான் திரை,
நடுவில் ஒரு தையல்.
எல்லாக் கழுத்தும் அந்தத் தையலில்தான் அறுபட்டது.

முதல் நாள் சிரித்துவிட்டேன்.
ரத்தமா அது,
தேர்ச் சக்கரத்துக்கு அடிக்கிற எனாமல் சிவப்பு.
கொலைகாரனுக்கு முகம் கிடையாது,
கறுப்புத் தோல் கையுறை மட்டும்.
மேமாதப் புழுக்கத்தில்
பார்த்த எனக்கே உள்ளங்கை வியர்த்தது.
அப்புறம்தான் கவனித்தேன்:
உதடு ஒன்று சொல்கிறது,
அரை நொடி தள்ளி வரும் குரல் வேறெதையோ சொல்கிறது.
அந்தக் காலத்தில் அங்கே பேச்சைப் பிறகுதான் ஒட்டுவார்களாம்.
எனக்கு அதிலொன்றும் புதுமையில்லை.
வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம்,
கோபம் வந்தால் எது முந்துகிறதோ அது.
வேலந்தாவளம் செக்போஸ்டில் இருபத்தாறு வருஷம்
எனக்கு நானே டப்பிங் பேசியவன்.

இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒரு பெண்குரல்,
சொல்லே இல்லாமல், பூத்தொடுக்கிறவளின் முனகல் மாதிரி.
அதற்கடியில் ஒரு பாஸ் கிதார்
செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறுகிறது.
மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஜெஸிந்தா
பின்வரிசையிலிருந்து குனிந்து சொன்னாள்:
"நாங்க பூசைக்கு வாசிக்கிற கார்டுதாண்ணா,
ஒரே ஒரு சுரத்தைக் கோணலா வெச்சிருக்காங்க."
கத்தி வரும்போது மேளம் முழங்குமென்று காத்திருந்தேன்.
முழங்கவில்லை.
யாரோ சாகப்போகிறார்கள் என்றால்
மெட்டு இனிக்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் படத்தில்
ஒருத்தன் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான்.
போலீஸிடம் எல்லாம் சொல்கிறான்,
ஏதோ ஒன்று விட்டுப்போகிறது.
எதுவென்று அவனுக்கே தெரியவில்லை.
அவன் அதைத் தேடத் தேட
சாவி கொடுத்த பொம்மையிலிருந்து ஒரு மணிமெட்டு
வந்து வந்து நிற்கிறது.
மூன்றாவது தடவை நின்றபோது
என் சாயா ஆறிப்போயிருந்தது.

இதை நான் கேட்டிருக்கிறேன்.
இதையில்லை, இதன் தங்கையை.
லாரி பின்னால் வரும்போது தானாகப் பாடுமே,
அந்த மலிவு மெட்டை.

தொண்ணூற்றெட்டு, ஐப்பசி, விடாத தூறல்.
தவிட்டு மூட்டைக்கு அடியில் ஸ்பிரிட் கேன் இருந்த லாரி.
இருந்தது எனக்குத் தெரியும்.
எடை போட்டேன், சீட்டுக் கிழித்தேன்.
கிளீனர் திருமூர்த்தி, பத்தொன்பது வயசு,
கண்ணாடிக்கு மேலே கையைத் தூக்கினான்.
நானும் டாட்டா காட்டினேன்.
விடிந்ததும்,
எங்கள் ஷெட்டுக்குப் பின்னால், வாய்க்கால் பாலத்தடியில் கிடந்தான்.

லாரி எந்தப் பக்கம் போச்சு?
நேரா, பாலக்காட்டுப் பக்கம்.
வேறே ஏதாவது கேட்டதா?
இல்லை சார்.
அந்த இல்லைக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்தவன்
எதைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன்?
டிங் டிங்கென்று அந்தப் பால்குடிப் பாட்டை,
மழைக்குள்ளே, ரொம்ப நேரம்,
வாய்க்கால் பக்கமாக.
நேராகப் போகிற லாரி பாடாது.
அந்தக் கை,
அது டாட்டாதானா?

விளக்கைப் போட்டார்கள்.
"ஆர்க்கெங்கிலும் எந்தெங்கிலும் பறயானுண்டோ?"
ஒரு கல்லூரி வாத்தியார்
நீல வெளிச்சத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்.
மைக் என் கைக்கு வந்தது.
வாய் திறந்தது,
குரல் அரை நொடி கழித்து வந்தது, யாருடையதோ போல:
"அந்த மெட்டை மட்டும் இன்னொரு தடவை போடுவீங்களா?"

பந்தல்காரர் வந்து துணியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.
ஹரிலால் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப்
பொத்தானைத் தட்டினார்.
வெறுஞ்சுவரில் படம் கலங்கி ஓடியது.
மெட்டு வந்தது.
நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.